பட்டை வளர்ந்த சரித்திரம்

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ஆற்றோரத்து மேட்டின்மீது முற்றுப்பெறாத மாளிகையொன்று நிற்கின்றது. கெல்லி கோட்டை என்று ஊரார் வழங்கும் அதனைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். ஸ்காட்லாந்திலிருந்து 1890 ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர், காடழித்து ரப்பர் நட்டு, வந்த செல்வத்தைக் கொண்டு 1915 இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. கட்டியவர்களிற் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். 1918 இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவர்களுட் பலரைக் கொண்டு சென்றது. அருகே மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுந்தது. அக்கோயிற் கூரையின் உருவங்களுக்கிடையே தொப்பியும் கால்சட்டையுமாக நிற்பவர் துரையே என்பர். 1926 இல் துரை லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை குறையாகவே நின்றுவிட்டது.

மாளிகையின் சரித்திரத்தைச் சொல்ல வழிகாட்டிகள் இருக்கின்றனர். அம்மாளிகைக்குப் பொருள் தந்த மரத்தின் சரித்திரத்தைச் சொல்வார் அரியர். சுவரிலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தால் மாளிகை அதனைத் தானே வளர்த்துக்கொள்வதில்லை. ரப்பர் மரமோ, ஆண்டுக்கணக்கில் உளியால் சீவி எடுக்கப்பட்ட தன் பட்டையைச் சில ஆண்டுகளில் திரும்பவும் வளர்த்து, மறுபடியும் சீவுவதற்கு நம்மிடம் ஒப்படைத்தது. எங்ஙனம் வளர்த்தது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் பிரேசில் நாட்டுக் காடு, ஜெர்மானியக் கலாசாலை, சிங்கப்பூர்ப் பூந்தோட்டம், நம் லயத்து வாசல் ஆகிய நான்கையும் சுற்றி வரவேண்டியிருக்கும். வாசகர்கள் பொறுமையோடு உடன் வருவார்களாக.

முதலில் லயத்து வாசலிலிருந்தே புறப்படுவோம். பால்வெட்டும் தொழிலாளிக்குப் புத்தகம் வேண்டாத ஓர் அறிவு உண்டு. இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, தன் நிரைக்குச் சென்று, முந்திய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையிலிட்டு, உளியை இடப்புறத்து உயர்ந்த முனையில் வைத்து வலப்புறம் தாழ இழுத்து வருகையில், எவ்வளவு ஆழம் போகலாம், எவ்வளவுக்குமேல் ஒரு மயிரிழையும் போகலாகாது என்பதை அவன் கண் காண்பதில்லை, கை காண்கின்றது. அவன் என்றேன், அவள் என்றும் சொல்லவேண்டும். பெண்மக்கள் கையால் சீவப்பட்ட மரங்கள் ஆண்கள் சீவியவற்றிற்குக் குறைந்தவை அல்ல. மரத்தை வாட்டாமல் மெல்லச் சீவும் கைக்குத் தோட்டத்தில் ஒரு தனி மதிப்பு இருந்தது. "கை பாரமா இருக்கு புள்ள, பார்த்துச் சீவு" என்று கங்காணி எச்சரித்தது மரத்தின்மேல் கொண்ட இரக்கத்தால் அன்று என்பது வேறு செய்தி.

ஏன் அவ்வளவு எச்சரிக்கை? ரப்பர் மரத்தின் பட்டையில் வெளியே இருப்பது உயிரற்ற தக்கை. அதற்குள்ளே கரடுமுரடான வன்பட்டை. அதற்கும் உள்ளே மென்பட்டை. பால் குழாய்கள் மிகுந்திருப்பது இம்மென்பட்டையிலேதான். அதிலும் உள்ளே போகப் போக அவை நெருக்கமாகின்றன. அவை நேர்செங்குத்தாக ஏறாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதனால், இடமேல் தொடங்கி வலக்கீழ் முடியும் வெட்டு மிகுதியான குழாய்களைத் திறந்துவிடும். ஆனால் குழாய்கள் மிக நெருங்கியிருக்கும் இடத்திற்கு அடுத்தாற்போல், நூலிழையினும் மெல்லிய ஒரு படலம் மரத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கின்றது. காம்பியம் என்னும் வளர்படை அது. அதற்கும் உள்ளே வெறும் கட்டை. ஆக, வேண்டும் பொருளும் தீண்டலாகாத பொருளும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உளி நிற்கவேண்டும். குறைந்த ஆழத்தில் நின்றால் பால் குறையும். கடந்தால் மரம் கெடும்.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். மங்கில் சொட்டுகின்ற வெண்பாலை மரத்தின் சாறு என்றே பலரும் நினைக்கின்றனர். சாறு வேறு, அது கட்டையின் வழியே வேரிலிருந்து இலைக்கு ஏறுவது. பால் குழாய் என்பது வரிசையாய் நின்ற உயிரணுக்கள் தம் இடைச்சுவர் கரைந்து ஒன்றோடொன்று கலந்து ஆனது. ஆதலால் அதில் வடிவது உயிரணுவின் உள்ளீடே. உட்கருக்கள் பெரும்பாலும் சுவரையொட்டி உள்ளேயே தங்கிவிடுகின்றன. எனவேதான் வடிந்த குழாய் மீண்டும் பாலை ஆக்கிக்கொள்ள முடிகின்றது. காண்டா வாளியில் தோளேறிப் போனது மரத்தின் உயிர்ப்பொருள் என்று சொன்னால் அது உபசார வழக்கன்று, உண்மையே.

இனிக் காம்பியத்தின் தொழிலைப் பார்ப்போம். அதிலுள்ள அணு பெரும்பாலும் நீண்டு மெலிந்தது. அது நெடுக இரண்டாகப் பிரிகின்றது. பிரிந்த இரண்டில் ஒன்று காம்பியமாகவே நின்றுவிடும். மற்றொன்று உட்புறம் விழுந்தால் கட்டையாகும். வெளிப்புறம் விழுந்தால் பட்டையாகும். உளி சீவியெடுத்த பட்டையை மீட்டுத் தருவது இப்பிரிவேயன்றி வேறில்லை. உளி காம்பியத்தில் பட்டால் அவ்விடத்தில் பிரிய அணு இல்லை; காயத்தின் ஓரத்து அணுக்கள் ஒழுங்கின்றிப் பெருகி முண்டும் முடிச்சுமாகத் திரளும்; பின்னர் அவ்விடத்தில் வரும் பட்டையில் நேராக உளி ஓடாது. மலாயாவின் ரப்பர்ச் செல்வம் முழுவதும், கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலத்து அணுக்கள் இடைவிடாது பிரிந்ததன்மேலும், அதனைத் தொடாமல் நின்ற கைகளின்மேலும் நின்றது. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்லவந்தது. இவ்வுண்மையின் ஒரு பாதியை உலகம் எப்படி அறிந்தது என்பதே ஒரு சுவையான கதை.

உயிரணு முதன்முதல் கண்ணிற்பட்டதும் ஒரு மரப்பட்டையிலேதான். 1665 இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பார் தக்கையைச் சீவி உருப்பெருக்காடியின்கீழ் வைத்தார். தேனடைபோல் சிற்றறைகள் தெரிந்தன. மடத்துத் துறவிகள் வாழும் சிற்றறைக்கு வழங்கும் 'செல்' என்னும் பெயரை அவற்றிற்கு இட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். உள்ளே குடியிருப்பவரைக் காண இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் வேண்டியிருந்தது. 1831 இல் ராபர்ட் பிரௌன் தாவர அணுவின் உட்கருவுக்குப் பெயரிட்டார். 1838 இல் ஷ்லெய்டன் தாவரங்கள் யாவும், 1839 இல் ஷ்வான் விலங்குகள் யாவும், அணுக்களால் ஆனவை என்று நிலைநாட்டினர்.

ஆனால் புதிய அணு எங்கிருந்து வருகின்றது? இவ்விடத்தில் அப்பேரறிஞர்களே சறுக்கினர். நீரில் கற்கண்டு திரள்வதுபோல, ஒருவகைத் திரவத்திலிருந்து அணு தானே திரண்டு பிறக்கும் என்றனர். அழுக்கிலிருந்து புழு தானே பிறக்கும் என்ற பழங்கொள்கையின் தம்பிதான் இது. மேலங்கி மட்டும் புதிது. ஹூகோ ஃபான் மோல் என்பவர் 1835 லேயே பாசி அணு இரண்டாகப் பிரிவதைக் கண்டு எழுதியிருந்தும், பெரியவர்கள் சொல்லே மேலோங்கி நின்றது. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஒன்றை நம்பும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

இக்கொள்கையை உடைத்தவர் ராபர்ட் ரெமாக். போசன் நகரத்து யூதர். கோழிக் கருவை நாள்தோறும் ஆராய்ந்து, அணு அணுவின் பிரிவினாலேயே பிறக்கின்றது, வேறு பிறப்பு அதற்கில்லை என்று 1852 இல் துணிந்து கூறினார். பிரஷ்யாவில் அந்நாளில் யூதருக்குக் கலாசாலை ஆசிரியப் பதவி மறுக்கப்பட்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்றால் கதவு திறக்கும், அவர் பெறவில்லை. 1847 இல் பெர்லின் கலாசாலையில் விரிவுரையாளராகச் சேர அவருக்கு அனுமதி கிடைத்தது. யூதர் ஒருவருக்கு அங்கே அது கிடைத்தது அதுவே முதல் தடவை. முழுப் பேராசிரியர் பதவி கிடைக்காமலே 1865 இல் இறந்தார். அவர் கண்ட உண்மையை 'அணு ஒவ்வொன்றும் அணுவிலிருந்தே' என்று மூன்று லத்தீன் சொற்களும் ஓர் இடைச்சொல்லுமாகச் சுருக்கி 1855 இல் முழங்கியவர் ருடால்ப் விர்க்கோ. முழக்கம் நிலைத்தது, முழங்கியவர் பெயரும் நிலைத்தது, ரெமாக்குக்கு உரிய பங்கை விர்க்கோ கொடுக்கவில்லை. 1848 இல் சைலீசியாவில் ஏழைகள் காய்ச்சலால் மடிந்தபோது நோயின் வேர் வறுமையென்று அரசுக்கு அஞ்சாது எழுதியவரும் அதே விர்க்கோ என்பதனால், அவரைத் தீயவரென்று ஒதுக்குவதற்கும் மனம் வரவில்லை. நல்லவர்களும் பிறர் உழைப்பின்மேல் தம் பெயரை எழுதிவிடுகின்றனர் என்பதுதான் வருந்தத்தக்கது.

நிற்க. அணு பிரிகின்றது என்பது தெரிந்தபின், எப்படிப் பிரிகின்றது என்பது அடுத்த வினா. 1876 ஆம் ஆண்டில் வால்டர் ஃபிளெமிங் என்பவர் வடஜெர்மனியின் கீல் நகரத்துக் கலாசாலையில் பேராசிரியராக அமர்ந்தார். அதே 1876 இல், ஹென்ரி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுத் தபஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளில் திரட்டிய ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கருகே கியூ தோட்டத்திற் கொண்டுவந்து சேர்த்தார். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றுட் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அம்முதல் நடவைச் சேர்ந்ததென்று சொல்லப்படும் மரமொன்று அவ்வூரில் வேலியிட்டுக் காக்கப்பட்டு வருகின்றது. ஒரே காலத்தில் இருவேறு மூலைகளில் இரண்டு சரித்திரங்கள் தொடங்கின, ஒன்றையொன்று அறியா.

ஃபிளெமிங்குக்கு உதவியது நிலக்கரித் தாரிலிருந்து அந்நாளில் எடுக்கத் தொடங்கிய புதுச் சாயங்கள். நெருப்புப் பல்லியின் குட்டியிலிருந்து எடுத்த மெல்லிய திசுவில் அச்சாயத்தை ஏற்றினால் உட்கருவில் உள்ள ஒரு பொருள் மட்டும் ஆழ்ந்த நிறம் கொண்டது. அந்நிறத்தைப் பின்தொடர்ந்து, உயிருள்ள அணுவிலும் ஒப்புநோக்கி, 1882 இல் தம் பெருநூலை வெளியிட்டார். அவர் கண்டதை நம் சொல்லில் சொல்லுவோம். முதற்கட்டத்தில், உட்கருவினுள் சிடுக்காகக் கிடந்த இழை சுருண்டு தடித்துத் தனித்தனித் துண்டுகளாகத் தெளிகின்றது. உட்கருவின் உறை மறைகின்றது. இரண்டாங் கட்டத்தில், அத்துண்டுகள் யாவும் அணுவின் நடுவே ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. கிராணி பெயர் கூப்பிடுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பது போலவே. மூன்றாங் கட்டத்தில், ஒவ்வொரு துண்டின் இரு பாதிகளும் பிரிந்து, ஒன்று இக்கோடிக்கும் மற்றொன்று அக்கோடிக்குமாக இழுக்கப்படுகின்றன. நான்காவதில், இரு கோடியிலும் உறை கூடி இரண்டு உட்கருக்கள் ஆகின்றன. பின்னர் விலங்கு அணு இடை சுருங்கி அறும். தாவர அணுவோ நடுவே புதுச்சுவர் எழுப்பிக்கொள்ளும். இந்நிகழ்ச்சிக்கு இழை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டோசிஸ் என்று பெயரிட்டவர் ஃபிளெமிங். பான் நகரத்து ஸ்ட்ராஸ்பர்கர் தாவரங்களில் இதனையே கண்டு கட்டங்களுக்குப் பெயர் வகுத்தார். சாயமேறும் துண்டுகளுக்குக் குரோமோசோம் என்ற பெயரை 1888 இல் வால்டையர் இட்டார்.

இவற்றுள் மிக முக்கியமானது மூன்றாங் கட்டமே. துண்டு குறுக்கே வெட்டுப்படவில்லை, நெடுகப் பிளந்திருந்தது. குறுக்கே வெட்டினால் தலைப்பக்கம் ஒருவனுக்கு, காற்பக்கம் ஒருவனுக்கு என்றாகும். நெடுகப் பிளந்தால் முழு நீளமும் இருவருக்கும் உண்டு. பிறக்கும் இரண்டு அணுக்களில் மேலது கீழது இல்லை. இரண்டிற்கும் ஒரே சொத்து, ஒரே அளவு.

மரத்துக் காம்பிய அணுவில் இது நிகழும் விதம் இன்னும் வியப்பானது. அவ்வணு நெடுந்தூரம் நீண்டதாகையால், உட்கருக்கள் நடுவே பிரிந்துவிட்ட பின்னும் புதுச்சுவர் இரு கோடிகளையும் எட்டுவதற்கு ஊர்ந்து ஊர்ந்து செல்லவேண்டியிருக்கின்றது. ஹார்வர்டு கலாசாலையின் இர்விங் பெய்லி 1920 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை விளக்கினார். அந்த ஆண்டுகளில் பத்து காஜாவைச் சூழ்ந்த தோட்டங்களில் நாள்தோறும் உளிகள் அச்சுவர்களுக்கு மயிரிழை வெளியே ஓடிக்கொண்டிருந்தன.

உளி எப்போது வந்தது? பிரேசில் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். கொத்து கட்டைவரை இறங்கும், காம்பியம் சிதையும், மரம் முடிச்சுவிழுந்து சில ஆண்டுகளில் பயனற்றுப் போகும். காட்டில் வேறு மரம் தேடலாம். தோட்டத்தில் அது செல்லாது. 1888 இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராக வந்த ஹென்ரி ரிட்லி, அங்கே நின்ற மரங்களில் பலவாறு சோதித்து, ஒரே வெட்டின் கீழ்விளிம்பிலிருந்து மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்து அதே வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பதே முறை என்று 1890 களில் நிறுவினார். புதிய வெட்டைவிட, திறந்த வெட்டைத் திரும்பச் சீவினால் பால் மிகுந்து வருவதையும் கண்டார். சீவிய இடம் காம்பியத்தால் மூடி வளரும். மரம் பல்லாண்டு நிற்கும். காப்பி பயிரிட்டு வந்த துரைமார் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று நகைத்தனர். 1896 இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் துணிந்து ரப்பர் நட்டார். காப்பி விலை வீழ்ந்தது, மோட்டார் வண்டி பெருகியது, நகைத்தவர்களும் நட்டனர். ரிட்லி நூறு ஆண்டு நிறைந்து 1956 இல் இறக்கும்வரை தம் சொல் பலித்ததைக் கண்டு வாழ்ந்தார்.

ரிட்லி முறையைக் கண்டார், மறுக்கவில்லை. ஆயின் அம்முறையை ஒவ்வொரு விடியலிலும் 300, 400 மரங்களில் நிறைவேற்றியவர் யார்? சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிக் கப்பலேறியவர்கள். ஊரில் ஏரும் மண்வெட்டியும் பிடித்த கை, இங்கே வந்து மில்லிமீட்டர்க் கணக்கில் சீவக் கற்றது. இத்தொழிலை 'பயிற்சியற்ற கூலி' என்று பேரேட்டில் எழுதினர். காயம் எண்ணிக் கூலியிற் கழித்த தோட்டங்கள் இருந்தன. காயமின்றிச் சீவியதற்குப் பாராட்டு எழுதிய பேரேட்டை நான் கண்டதில்லை. பிழைக்கு மட்டும் கணக்கு வைத்தால் அத்திறமை சரித்திரத்தில் எங்ஙனம் ஏறும்?

இனி, உயிரணுவின் வாழ்க்கையில் விஞ்ஞானிகளே நெடுநாள் தவறாகப் படித்த ஒரு பக்கம் உண்டு. ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடையில் உருப்பெருக்காடியில் எதுவும் நிகழ்வதாகத் தெரியவில்லை. ஆதலால் அதனை 'ஓய்வு நிலை' என்று எழுதினர். 1953 இல் இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆல்மா ஹோவர்டு என்ற பெண்மணியும் ஸ்டீபன் பெல்க் என்பவரும் அவரை வேரில் கதிர்வீசும் பாஸ்பரஸைச் செலுத்திப் பார்த்தனர். ஓய்வு என்று எண்ணப்பட்ட அக்காலத்தின் நடுவே ஒரு குறித்த பகுதியில் அணு தன் மரபுப் பொருள் முழுவதையும் படியெடுத்துக்கொள்வது தெரிந்தது. அதற்கு முன்னே ஓர் இடைவெளி. அப்போது அணு வளர்ந்து ஆயத்தம் செய்கின்றது. பின்னே ஓர் இடைவெளி. அப்போது பிரிவுக்கு வேண்டியவற்றைச் சேர்க்கின்றது. முதல் இடைவெளி, படியெடுப்பு, இரண்டாம் இடைவெளி, பிரிவு என நான்காக அணுவின் சுழற்சி வகுக்கப்பட்டது இவ்வாறே. ஃபிளெமிங் கண்ட கண்கவர் காட்சிகள் அச்சுழற்சியில் ஒரு சிறு பகுதி மட்டுமே. இழைகள் பிரியுமுன்னரே நெடுக இரட்டித்திருந்ததன் காரணமும் இப்போது விளங்கிற்று.

ஓய்வு என்று பிறர் சொல்வது உழைப்பாக இருக்கும் என்பதை ரப்பர்த் தோட்டம் வேறு வழியில் அறிந்தது. தொடக்க நாட்களில் பல தோட்டங்கள் நாள்தோறும் மரத்தை வெட்டின; பட்டை விரைந்து தீர்ந்தது. நாள்விட்டு நாள் வெட்டும் முறை அதன்பின் பரவிற்று. வெட்டாத நாளில் மரம் சும்மா நிற்கவில்லை. வடிந்துபோன குழாய்களில் பால் ஊறிக்கொண்டிருந்தது, காம்பியம் பிரிந்துகொண்டிருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பெரும்பாலான தோட்டங்களில் வெட்டு நின்றது. மூன்றரை ஆண்டு உளி படாத மரங்களின் பட்டை தடித்தது. அதே மூன்றரை ஆண்டில் அம்மரங்களைச் சீவியவர்களிற் பல்லாயிரவர் சயாம் பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். கொலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. போர் முடிந்து துரைமார் திரும்பியபோது மரம் ஆயத்தமாக நின்றது. லயங்களில் பல கதவுகளுக்குத் திறப்பார் இல்லை.

சுழற்சியின் கட்டங்கள் தெரிந்தபின், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு அணுவை அனுப்புவது எது என்ற ஆராய்ச்சி எழுந்தது. அமெரிக்காவின் லீலண்டு ஹார்ட்வெல் ரொட்டி நொதியிலும், இங்கிலாந்தின் பால் நர்ஸ் கிழக்காப்பிரிக்க மதுவிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட வேறொரு நொதியிலும், டிம் ஹண்ட் கடல் முள்ளெலி முட்டையிலும் இதற்கு விடை கண்டு, மூவரும் 2001 இல் நோபல் பரிசு பெற்றனர். தோட்டத்துக் கள்ளுக்கடையில் மாலைதோறும் தமிழன் கூலியைக் கரைத்தது இந்நொதிகளின் இனமே. ஆராய்ச்சிச் சாலையில் அது உயிரின் இரகசியத்தைச் சொல்லிற்று. குற்றம் நொதியின்மேல் இல்லை என்று கொள்க. அவர்கள் கண்டதன் சாரம் இது: ஒவ்வொரு கட்டத்தின் வாயிலிலும் ஒரு காவல் உண்டு. படியெடுப்பு முழுதும் முடியாமல் பிரிவு தொடங்காது. குரோமோசோம் ஒன்றேனும் வரிசையில் சரியாக நிற்காதவரை மற்றவை பிரியா. பெரட்டில் ஒருவர் குறைந்தாலும் கணக்கு நிற்பது போல என்க. அக்காவல் தளர்ந்து, நிற்கவேண்டிய அணு நில்லாமல் பிரிந்துகொண்டே போவதுதான் புற்றுநோய்.

பிரிவில் இன்னொரு வகையும் உண்டு. அதனையும் தோட்டம் தன் செலவில் கற்றது. 1883 இல் பெல்ஜிய நாட்டு வான் பெனடென், குதிரைக் குடற்புழுவின் முட்டையிலும் விந்திலும் குரோமோசோம் பாதியாகவே இருப்பதைக் கண்டார். ரப்பர் மரத்தின் அணுவில் குரோமோசோம் 36. அதன் மகரந்தத்தில் 18. தாய்ப்பாதியும் தந்தைப்பாதியும் கலைத்துக் கூடுவதால், மிகுதியாகப் பால் தந்த மரத்தின் விதையை நட்டாலும் கன்றுகள் யாவும் அதனைப்போல் அமைவதில்லை. ஆகவே ஒல்லாந்தர் ஜாவாவில் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் மொட்டொட்டு முறையைக் கையாண்டனர். நல்ல மரத்தின் மொட்டைச் சிறிது பட்டையோடு பெயர்த்து, நாற்றின் பட்டையைத் திறந்து உள்ளே வைத்துக் கட்டினால், காம்பியம் இரண்டையும் ஒட்ட வைக்கும். அம்மொட்டிலிருந்து எழுவது புதுமரம் அன்று. பழைய மரமே, அணுப்பிரிவால் நீண்டது. 1925 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட 600 ஆம் எண் வகை பல நாடுகளில் இலட்சக்கணக்கான ஏக்கரில் நின்றது. ஒரே மரத்தின் அணுக்களே அத்தனையும்.

குரோமோசோம் எண்ணும் இவ்வித்தையில் நம் பக்கத்துப் பெண்மணி ஒருவர் உலகப் புகழ் பெற்றதைச் சொல்லாமல் விடலாகாது. தலைச்சேரியில் 1897 இல் தீயர் குலத்திற் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை இராசதானிக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் கலாசாலையில் 1931 இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கூட்டி, அவற்றின் அணுக்களை ஆராய்ந்தார். 1945 இல் டார்லிங்டன் என்ற ஆங்கில அறிஞரோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கு அடங்கிய பெருநூலை வெளியிட்டார். பிறப்பைக் காட்டிக் கதவடைக்கப்பட்ட ரெமாக்கின் பெயரை அடுத்து இவர் பெயரையும் நம் பிள்ளைகள் அறிவார்களாக. கங்காணிகள் ஆள் திரட்டிய அதே தமிழ்நாட்டில், அதே ஆண்டுகளில், ஒரு பெண் உருப்பெருக்காடியின்முன் அமர்ந்திருந்தார் என்பதை நம் லயத்துப் பெண்களுக்கு அன்று யாரேனும் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கிந்தா வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களிற் பல இன்று எண்ணெய்ப்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. எண்ணெய்ப்பனையில் காம்பியம் இல்லை. தென்னை, பனை, மூங்கில் எதிலும் அது இல்லை. அவற்றின் தண்டில் வெட்டிய வடு வெட்டியபடியே இருக்கும். குலை அறுக்க வலிமையும் நீண்ட அரிவாளும் வேண்டும். மயிரிழை அறியும் கை அங்கே வேண்டுவதில்லை. மில்லிமீட்டரில் நிறுத்தக் கற்ற கைகளுக்கு மூன்று தலைமுறைக்குப்பின் வேலை முடிந்தது. வயது தீர்ந்து வெட்டப்படும் ரப்பர் மரத்தின் கட்டை, நாற்காலியும் மேசையுமாக அறுக்கப்பட்டு வெளிநாடுகளுக்குப் போகின்றது. காம்பியத்திலிருந்து உட்புறம் விழுந்த பிள்ளைகள் அவை.

வேலியோரத்திலோ கைவிடப்பட்ட நிரையிலோ முதிய ரப்பர் மரம் ஒன்று நிற்கக் கண்டால், வாசகர்கள் அதன் அடிமரத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். ஆளுயரத்துக்குக் கீழே பட்டையின் நிறம் கட்டங்கட்டமாக மாறியிருக்கும். ஒவ்வொரு கட்டமும் சில ஆண்டுக் காலைகளின் வேலை. முண்டும் முடிச்சுமாக உள்ள இடங்களில் உளி ஆழம் போயிருக்கின்றது. அவை எண்ணப்பட்டன, கூலியிற் கழிக்கப்பட்டன. மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருக்கும்.